மட்டக்குதிரை மட்டமா?

மட்டம் என்னும் சொல்லுக்கு உள்ள பல பொருள்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று உயரம் குறைந்தது. மற்றொன்று தரம் குறைந்தது. மட்டக்குதிரை என்னும்போது முதற்பொருளையே கொள்ள வேண்டும். நாமோ இரண்டாவது பொருளையும் அதனோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். கூலிக்கு மாரடிப்பவனை இந்தி பேசும் நண்பர்கள் ‘பாடே கா டட்டூ’, அதாவது ‘வாடகை மட்டக்குதிரை’ என்று ஏசுவதையும் கேட்டிருப்பீர்கள். வாயில்லாப் பிராணியின்மேல் மொழிகள் சுமத்திய இந்தப் பழி நியாயமானதுதானா என்று பார்ப்போம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மட்டக்குதிரை என்பது குதிரைக்குட்டி அன்று. குட்டி நாலைந்து ஆண்டுகளில் வளர்ந்து குதிரையாகிவிடும். மட்டக்குதிரையோ முழு வளர்ச்சி பெற்ற பின்னும் குட்டையாகவே இருக்கும். அது வேறோர் உயிரினமும் அன்று. இரண்டும் கூடினால் பிறக்கும் குட்டி, கோவேறு கழுதையைப் போல மலடாக இராது.

பிறகு எங்கேதான் கோடு கிழிப்பது? கழுத்தும் முதுகும் கூடுமிடத்தில் தோளுக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது. தரையிலிருந்து அம்மேடு வரை அளப்பதே குதிரையின் உயரம். தலை ஒரு நிலையில் நில்லாது. ஆகையால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆங்கிலேயர் இவ்வுயரத்தைக் ‘கை’ என்னும் அளவால் கூறுவர். ஒரு கை என்பது 4 அங்குலம். 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம் என்பதே வழக்கமான எல்லை. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டர், லாடத்துடன் 149 சென்டிமீட்டர் என்று வகுத்திருக்கிறது.

ஆயினும் அளவுகோல் மட்டும் போதாது. ஐஸ்லாந்துக் குதிரைகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் அடங்குபவையே. அந்நாட்டார் அவற்றைக் குதிரை என்றே அழைக்கின்றனர். எனவே உடலமைப்பையும் நோக்க வேண்டும். மட்டக்குதிரையின் கால்கள் உடலை நோக்கக் குட்டையானவை. எலும்பு பருத்தது, கழுத்து தடித்தது, பிடரியும் வாலும் அடர்ந்தவை. குளிர்காலத்தில் மயிர் கம்பளிபோல் அடர்ந்துவிடும். புல் அரிதாகவும் குளிர் மிகுதியாகவும் உள்ள மலைகளிலும் தீவுகளிலும் பெரிய உடல் பட்டினி கிடக்கும். சிறிய உடல் பிழைத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக நடந்த இத்தேர்வினால், குறைந்த தீனியில் நிறைய உழைக்கும் ஆற்றல் இதற்கு வாய்த்தது. அதே குணம் செழித்த புல்வெளியில் கேடாகவும் முடிகிறது. அளவுமீறித் தின்ற மட்டக்குதிரை குளம்புக்குள் அழற்சி கண்டு நொண்டத் தொடங்கும்.

உடலளவைப் பற்றி இங்கிலாந்தில் வால்ட்டன், ஹாமண்ட் என்னும் அறிஞர்கள் 1938இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. வண்டியிழுக்கும் மாபெரும் ஷயர் குதிரையையும், மிகச் சிறிய ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டலால் இருவிதமாகக் கலந்தனர். ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லாந்து தாய் ஈன்ற குட்டியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. இரண்டு குட்டிகளுமே பாதி ஷயர், பாதி ஷெட்லாந்து. வேறுபட்டது தாயின் வயிறுதான். வளர்ந்த பின்னும் அவ்வேறுபாடு முற்றும் மறையவில்லை. பரம்பரையோடு தாயின் உடலும் சேர்ந்தே குட்டியின் அளவை முடிவு செய்கிறது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் மார்வாரியும் கத்தியவாரியும் குதிரைகள். லடாக்கின் ஸன்ஸ்காரி, இமாசலத்தின் ஸ்பிதி, மணிப்பூரி ஆகியவை மட்டக்குதிரைகள். மணிப்பூரியின் உயரம் 11 முதல் 13 கை வரைதான். அதன்மேல் ஏறி மெய்தேய் மக்கள் ஆடிய ‘சகோல் கங்ஜெய்’ ஆட்டத்தில் மனம் பறிகொடுத்த ஆங்கிலேயர், 1859இல் சில்சரில் போலோ சங்கம் அமைத்தனர். இன்றைய போலோ அவ்வாறே உலகெங்கும் பரவியது. இன்று அதில் ஓடுபவை பெரும்பாலும் உயர எல்லையைத் தாண்டிய குதிரைகள். ஆனாலும் ஆங்கிலத்தில் அவற்றை மட்டக்குதிரை என்று அழைக்கும் வழக்கம் மாறவில்லை. பெயர் பிழைத்துவிட்டது, பெயருக்கு உரியது தேய்கிறது. மணிப்பூரில் மேய்ச்சலுக்கு உதவிய சதுப்பு நிலங்கள் சுருங்கின. 2003ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த மணிப்பூரி மட்டக்குதிரைகள், 2012இல் 1,101 ஆகக் குறைந்தன. 2016இல் மணிப்பூர் அரசு இவற்றைக் காக்க ஒரு கொள்கை வகுத்தது.

இவ்வகை அழிந்தால், பெரிய குதிரையைச் சிறிதாக்கி அதை மீண்டும் படைத்துவிட முடியாது. அதன் உறுதியும் சிக்கனமும் பல நூற்றாண்டுகள் சேர்த்து வைத்த செல்வம். விடுமுறையில் இமயமலை ஏறச் செல்லும் நண்பர்களே! அங்கே மட்டக்குதிரை உங்கள் முன் வந்து நிற்கும்போது, அதன் வாடகையை மட்டும் பேசாதீர்கள். முதுகில் புண் இருக்கிறதா, சுமை மிகுதியா, தண்ணீர் காட்டினார்களா என்றும் கேளுங்கள். உயரத்தில் அது மட்டம்தான், உழைப்பில் அன்று.