பெயர் பிழைத்த காய்ச்சல்

காய்ச்சலென்று வைத்தியசாலைக்குப் போனால் விரல் நுனியில் ஊசியாற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். 1990களில் வன்னியிலும் மன்னாரிலும் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்தத் துளிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. குளிசை கிடைத்தாற் போதும் என்று வீடு திரும்பிவிடுகிறோம். இரத்தத் துளியை விடாமற் கேள்வி கேட்ட ஒரு விஞ்ஞானியைப் பற்றியும், அதனால் மலேசியாவின் காட்டோரக் கமக்காரருக்குக் கிடைத்த பயனைப் பற்றியும் இங்கே பார்ப்போம். அவர் பேராசிரியர் பல்பீர் சிங்.

மலேரியாவை உண்டாக்குவது நுளம்பு அன்று. நுளம்பு காவிவரும் ஒட்டுண்ணி. மனிதரிடையே பரவும் ஒட்டுண்ணிகள் பல்சிபாரம், விவாக்ஸ், மலேரியே, ஓவேல் என நான்கு வகை என்று நீண்ட காலமாகப் படிப்பிக்கப்பட்டது. இவற்றுள் உயிரை விரைவாகப் பறிக்கக்கூடியது பல்சிபாரம். மலேரியே என்பது மெதுவான வகை. ஒருநாள் காய்ந்தால் இடையில் இரண்டு நாள் ஓய்வு கொடுக்கும். இரத்தத்திலும் அதிகம் பெருகாது. எந்த வகை என்பதைப் பொறுத்து வைத்தியரின் கவனமும் மருந்தும் மாறும். இரத்தத்துக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழே உருவத்தைப் பார்த்துத்தான் வகையைச் சொல்வார்கள். பழகிய கண் வேண்டும். ஆனால் இரண்டு வகைகள் ஒரே தோற்றத்தில் இருந்தால் பழகிய கண்ணும் ஏமாறும்.

பல்பீர் சிங் உருவத்தை விட்டு மரபணுவைப் பார்த்தவர். ஒவ்வோர் உயிருக்கும் உள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அதில் அந்த உயிரின் அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துளி இரத்தத்தில் ஒட்டுண்ணியின் இழை மிகச் சிறிதளவே கிடைக்கும். அதைப் பெருக்கினாற்றான் காணலாம். பெருக்கும் வழியை 1983 இல் யோசித்தவர் கெரி மலிஸ் என்ற அமெரிக்கர்; அதற்காக 1993 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பி.சி.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

வேலை நடக்கும் விதம் எளியது. இரட்டை இழையைச் சுமார் 95 பாகை வரை சூடாக்கினால் அது நடுவே பிரியும். ஆறவிட்டால், நாம் செய்து போட்ட சிறு துண்டு தனக்குப் பொருந்தும் இடத்தில் மட்டும் போய் ஒட்டும். அங்கிருந்து ஒரு நொதியம் மிகுதியைக் கட்டும். ஒன்று இரண்டாகும். மறுபடி சூடாக்கினால் இரண்டு நாலாகும். ஒரு நெல்மணியை இப்படி முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டும். கணக்குப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். பொருந்தும் இடம் இல்லையென்றால் துண்டு ஒட்டாது, ஒன்றும் பெருகாது. ஆகவே எந்தத் துண்டு ஒட்டுகிறது என்பதிலிருந்து எந்த ஒட்டுண்ணி என்பது தெரியும்.

இது நகரத்து ஆய்வுகூடத்து வேலை. காய்ச்சற்காரரோ ஆற்றங்கரைக் கிராமங்களில் இருந்தார்கள். பல்பீர் சிங் குழுவினர் இரத்தத்தை வடிதாளில் பொட்டாக வைத்து, உலர்த்தி, அந்தத் தாளிலிருந்தே ஒட்டுண்ணியின் இழையைப் பிரித்தெடுத்துப் பரிசோதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தி 1996 இல் வெளியிட்டனர். பனிக்கட்டிப் பெட்டி வேண்டாம். தாளை உறையிலிட்டு அனுப்பினாற் போதும். இந்தச் சின்ன விடயம் இல்லாவிட்டால் பின்னால் வந்த பெரிய விடயமும் வந்திராது என்பது எமது எண்ணம்.

பின்னர் அவர் போர்னியோத் தீவிலுள்ள சரவாக் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ரெஜாங் ஆற்றின் மேற்பகுதியில் கபிட் என்ற இடம் உண்டு. அங்கு வாழும் இபான் மக்கள் பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீடுகளில் இருப்பவர்கள். மலைச்சரிவில் காடு வெட்டி நெல் விதைப்பவர்கள். எமது சேனைச் செய்கையை அறிந்தவருக்கு அவர்களின் வாழ்க்கை விளங்கும்.

1999 இல் கபிட் பகுதி மலேரியா நோயாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு மலேரியே வகை என்று நுணுக்குக்காட்டி சொல்லிற்று. ஆனால் கதை பொருந்தவில்லை. மெதுவான வகை என்றால் நோயாளி ஏன் இவ்வளவு துவண்டு போகிறார்? இரத்தத்தில் ஒட்டுண்ணி ஏன் இவ்வளவு பெருகியிருக்கிறது? சிறுவர்களை விட்டுப் பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கே ஏன் வருகிறது? பி.சி.ஆர். செய்து பார்த்தார்கள். மலேரியா உண்டு என்றது. மலேரியே இல்லை என்றது.

இந்த இடத்தில் பலர் பரிசோதனையிற்றான் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். இவர்கள் ஒதுக்கவில்லை. மலேரியே என்று பெயரிடப்பட்ட எட்டு நோயாளரின் ஒட்டுண்ணி மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். அது நோலெசி என்னும் குரங்கு மலேரியா ஒட்டுண்ணி! 2000 மார்ச் முதல் 2002 நவம்பர் வரை சேர்த்த 208 நோயாளரின் இரத்தத்தைச் சோதித்தபோது 120 பேரிடம் நோலெசி இருந்தது. மலேரியே ஒருவரிடம்கூட இல்லை. 2004 இல் இது வெளியானது.

நோலெசி மனிதருக்குத் தொற்றும் என்பது 1932 இலேயே கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா ஆகியோரின் சோதனையிற் தெரிந்திருந்தது. 1965 இல் மலேசியக் காட்டிலிருந்து திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இயற்கையாகவே தொற்றியதும் பதிவானது. எனினும் அபூர்வம் என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் அது அபூர்வமன்று. இன்னொன்றின் பெயரில் ஒளிந்திருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நோலெசி 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெருகும். மலேரியே 72 மணித்தியாலம் எடுக்கும். மெதுவான வகை என்று நம்பிக் காத்திருந்தால் இரத்தத்தில் ஒட்டுண்ணி வேகமாகப் பெருகிவிடும். மலேரியே எனக் குறிக்கப்பட்டு இறந்த நால்வரின் இரத்தத்தில் இருந்தது நோலெசி என்பதை இக்குழுவினர் 2008 இல் காட்டினர். நேரத்தோடு பிடித்தால் சாதாரண மலேரியா மருந்துக்கே குணமாகும் நோய் அது.

கபிட் காடுகளில் பிடித்த 108 குரங்குகளைச் சோதித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 78 குரங்குகளில் நோலெசி இருந்தது. நோயைக் கடத்தும் நுளம்பு காட்டிலும் தோட்டத்திலும் இருட்டும் நேரத்தில் கடிப்பது. அதனாற்றான் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வருகிறது. வீட்டில் கட்டும் நுளம்பு வலை மட்டும் போதாது. மனித மலேரியாவின் உள்ளூர்த் தொற்று மலேசியாவில் 2018 இல் இல்லாமற் போனது. அதே ஆண்டில் குரங்கிலிருந்து தொற்றியவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

நுணுக்குக்காட்டியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பி.சி.ஆருக்கு மின்சாரம், கருவி, பயின்ற கை, பல மணித்தியாலம் எல்லாம் வேண்டும். கிராமத்துக் காய்ச்சற்காரருக்கு முதலில் கிடைப்பது கண்ணாடித் தகடுதான்.

எமது காடுகளிலுள்ள செங்குரங்குகளிலும் மலேரியா ஒட்டுண்ணிகள் உண்டு. 1960களில் திசாநாயக்கவும் உடன் ஆய்வாளரும் அவற்றை விவரித்தனர். அவை நோலெசி அல்ல. இலங்கையில் 2016 இற்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் மலேரியாவைக் கடத்தும் நுளம்பு இங்கிருந்து போய்விடவில்லை. இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஊர் திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே இருந்தார், எப்போது வந்தார் என்பதை வைத்தியரிடம் கேட்குமுன்பே சொல்லுங்கள். இரத்தம் எடுக்குமுன் வீட்டிலிருக்கும் பழைய குளிசைகளைக் கொடுக்க வேண்டாம். அரைகுறை மருந்து ஒட்டுண்ணியை அழிக்காது. தகட்டில் அகப்படாத அளவுக்குக் குறைத்து மட்டும் விடும்.