வீடு திரும்பும் விடுதலை

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதரை ஊரார் பலமுறை சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. இயேசு அவருக்கு விடுதலை அளித்தார். தெளிந்த மனத்தோடு அமர்ந்திருந்த அவர், தம்மையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆண்டவரோ அவரைச் சொந்த வீட்டாரிடமே அனுப்பி வைத்தார் (மாற்கு 5:1-20).

குடிநோயாளருக்கு மறுவாழ்வு இல்லம் நடத்துவோருக்கும், அதற்கு உதவும் நமக்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. எத்தனை பேரை உள்ளே சேர்த்தோம் என்பது வெற்றி அல்ல. அவர்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள், திரும்பிய பின் எப்படி வாழ்கிறார்கள் என்பதே வெற்றி.

முதலாவது, குடி ஒரு நோய். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே தொடக்க நாள்களில் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். செபம் நம்பிக்கை தரும். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லாது. மருத்துவரை மதிக்குமாறு சீராக்கின் ஞானம் (அதிகாரம் 38) நமக்குக் கற்பிக்கிறது. 'திருத்துவதற்காக' அடிப்பதும் பூட்டி வைப்பதும் கிறிஸ்தவ முறை அல்ல. சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடை செய்கிறது.

இரண்டாவது, குடும்பமும் காயப்பட்டிருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நமக்கு இதற்கான சான்று தொலைவில் இல்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய பணியே அடையாறு இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனை. அங்கே நோயாளருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி கிராமத்தில் ஊர் மக்களின் துணையோடு முகாம் அமைத்தும் இம்மருத்துவமனையினர் சிகிச்சை அளித்தனர்.

மூன்றாவது, மீண்டவரே மீள்பவருக்குத் துணை. மும்பையில் அருட்தந்தை ஜோ பெரைரா 1981-இல் தொடங்கிய கிருபா அறக்கட்டளை, 1935-இல் அமெரிக்காவில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் 12 படிகளை யோகாசனப் பயிற்சியோடு இணைத்துக் கற்பிக்கிறது. தம் இயலாமையை ஒப்புக்கொள்வதும், கடவுளிடம் தம்மை ஒப்படைப்பதும், தாம் புண்படுத்தியவர்களிடம் ஈடு செய்வதும் அப்படிகளில் அடங்கும். ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு இவை அந்நியமானவை அல்ல.

இல்லத்தில் தங்குவது சில வாரங்கள். வீட்டில் வாழ்வது ஆயுள் முழுவதும். எனவே மீதிப் பணி நம்முடையது. வேலை தேடித் தருவோம். பழைய பட்டப்பெயரால் அழைக்காதிருப்போம். திருமணம், புதுநன்மை, ஊர்த் திருவிழா எதிலும் மது வழங்காதிருப்போம். மீண்டோர் வாரந்தோறும் கூடிப் பேச, பங்கில் ஓர் அறையைத் திறந்து வைப்போம். ஒருவர் மறுபடி விழுந்தால் அதை முடிவாகக் கருதாமல், மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம்.

ஆண்டவர் வீட்டிற்கு அனுப்பி வைப்பவருக்கு நம் வீட்டுக் கதவும், நம் பங்கின் கதவும் திறந்திருக்கின்றனவா?