தலீப் சிங் சௌந்த்: குடியுரிமை மறுத்த சட்டத்தோடு போராடி அமெரிக்க நாடாளுமன்றம் சென்றவர்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில், வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினராக அமர்ந்த முதல் ஆசியர் தலீப் சிங் சௌந்த். பஞ்சாபின் சஜ்ஜல்வாடி கிராமத்தில் சீக்கியக் குடும்பம் ஒன்றில் 1899-ல் பிறந்தவர். அவர் அரசியலில் இறங்கிய காலத்தில் அமெரிக்கக் குடிமகன் ஆகும் உரிமைகூட அவருக்கு இல்லை. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல்.

கணிதத்தில் பட்டம் பெற்று 1920-ல் அமெரிக்கா சென்ற சௌந்த், உணவு பதப்படுத்தும் தொழிலைக் கற்க பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு கணிதத்துக்கே திரும்பி, 1924-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், பகத் சிங் திந்த் என்ற சீக்கியரின் வழக்கில், இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் நிலம் வாங்கக் கலிபோர்னியச் சட்டமும் தடை விதித்தது. கணித முனைவர், மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி பறிக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே விவசாயியானார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சி அவரைக் கடனில் தள்ளியது. திவால் அறிவிக்க மறுத்து, பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார்.

இந்த ஆண்டுகளில்தான் அவருக்குள் ஓர் அரசியல்வாதி உருவானார். மாணவப் பருவத்திலிருந்தே இந்திய விடுதலைக்காக மேடையேறிப் பேசியவர் அவர். இந்தியாவை இழித்துக் கேத்தரின் மேயோ எழுதிய நூலுக்கு மறுப்பாக, ஸ்டாக்டன் குருத்வாராவைச் சேர்ந்தவர்களின் வேண்டுகோளின் பேரில் 1930-ல் ‘என் தாய் இந்தியா’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். உள்ளூர் மன்றங்களும் தேவாலயங்களும் அழைத்த இடமெல்லாம் போய்ப் பேசினார். பின்னாளில் அவருக்கு வாக்களித்தவர்கள் பலர் அவரை விவசாயியாகவும் பேச்சாளராகவும் முன்பே அறிந்திருந்தார்கள். வாக்குரிமை இல்லாத காலத்தில் சேர்த்த இந்த அறிமுகமே அவருடைய உண்மையான முதலீடு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் மற்ற இந்தியர்களோடு சேர்ந்து குடியுரிமைக்காக அமைப்பு ஒன்றை உருவாக்கினார். நியூயார்க்கிலிருந்து ஜே.ஜே. சிங் என்பவரும் இதே நோக்கத்துக்காகப் பாடுபட்டார். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் கொண்டுவந்த மசோதாவில் 1946 ஜூலை 2-ல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு வெறும் 100 இந்தியர்களுக்கே குடியேற இடம் தந்த சட்டம்தான் அது. ஆனாலும் ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. 1949 டிசம்பரில் சௌந்த் அமெரிக்கக் குடிமகனானார்.

அடுத்த ஆண்டே, தான் வாழ்ந்த வெஸ்ட்மார்லண்ட் ஊரின் நீதிபதி பதவிக்கு நின்று வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952-ல் மீண்டும் நின்று வென்றார். அவர் நீதிபதியானால் நீதிமன்றத்துக்கு வருபவர்களுக்குத் தலைப்பாகையை அவரே கொடுப்பாரா, சொந்தக் காசில் வாங்க வேண்டுமா என்று ஊரார் ஒருவர் கேலியாகக் கேட்டதுண்டு. தலைமேல் இருப்பதல்ல, தலைக்குள் இருப்பதே தனக்கு முக்கியம் என்று பதில் சொல்லி அவர் நகர்ந்தார். ஊரில் மலிந்திருந்த சூதாட்டத்துக்கும் விபசாரத்துக்கும் எதிராக அவர் எடுத்த கடுமையான நடவடிக்கைகள் அவர் பெயரை மாவட்டம் முழுவதும் கொண்டுசென்றன.

1956-ல் அவர் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக்கு நின்ற தேர்தல் வேறு அளவிலானது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஏழு ஆண்டுகள் அமெரிக்கக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். பதவியேற்கும் நாளில் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்குச் சில வாரங்களே கூடுதலாக இருந்தன. உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் இதை வைத்தே நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. பொதுத் தேர்தலில் எதிர்நின்றவர் ஜாக்குலின் காக்ரன் ஓட்லம். ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் பெண் என்று உலகம் அறிந்த விமானி, பெரும் செல்வந்தரின் மனைவி. சௌந்த் தரப்பிலோ அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். அதே நாளில் நடந்த அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் நாடெங்கும் பெருவெற்றி பெற்றார். ஆனாலும் ரிவர்சைடு, இம்பீரியல் மாவட்டங்கள் அடங்கிய தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் சௌந்த் ஏறத்தாழ மூன்று சதவீத வித்தியாசத்தில் வென்றார்.

முதல் தவணையிலேயே அவருக்கு வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. புதியவர்களுக்கு எளிதில் கிடைக்காத பொறுப்பு அது. 1957-ல் ஆசிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து, புறப்பட்டு 37 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா வந்தார். இந்திய நாடாளுமன்றத்திலும் உரையாற்றினார். அதே ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த சட்டம் அது. குடியுரிமைக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர் வேறெந்தப் பக்கம் நின்றிருப்பார்! விவசாயிகளின் தேவைகளையும் அவர் மறக்கவில்லை. 1958-லும் 1960-லும் தொகுதி மக்கள் அவரை 1956-ஐவிடக் கூடுதல் வித்தியாசத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

1962 மே மாதம் விமானப் பயணத்தில் அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. பேச்சையே படிக்கட்டாக வைத்து ஏறியவர் பேசும் திறனை இழந்தார். கட்சி அவரையே மீண்டும் வேட்பாளராக்கியது. அவரால் பிரசாரத்துக்கு வர இயலவில்லை. நவம்பரில் தோற்றார். 1973 ஏப்ரல் 22-ல் காலமானார். கலிபோர்னியாவின் டெமெக்குலா நகர அஞ்சலகம் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவருக்குப் பிறகு இந்திய வம்சாவளியினர் ஒருவர் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாக 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வென்ற பாபி ஜிண்டால் அமெரிக்காவில் பிறந்தவர். இந்தியாவில் பிறந்தவர்கள் மீண்டும் அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2016-ல்தான்: சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும், தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும்.