ஸ்பின்னும் அதிர்வும்: கிருஷ்ணன் தொட்ட இரண்டு முனைகள்

காரைக்காலில் செம்புச் சொம்பை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் கடற்காற்று வேலையைக் காட்டிவிடும், பச்சைக் களிம்பு. அதே செம்பு காடியோடு சேர்ந்தால் வேறொரு பச்சை வரும். அதில் செப்பு அசிடேட் உண்டு. அதைச் சுத்தமான படிகமாக வளர்த்தால் நீலப்பச்சையாக இருக்கும். இன்றைய குறிப்பு அந்தப் படிகத்தைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒரு மனிதர். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1928-ல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து, மூலக்கூறுகளின் அதிர்வு ஒளியின் நிறத்தை மாற்றுவதைக் கண்டார். பிறகு டாக்காவிலும், 1933 முதல் மறுபடி கல்கத்தாவிலும், படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை எவ்வளவு முறுக்கிக்கொள்கின்றன என்று அளந்தார். ஒரு பக்கம் அதிர்வு, இன்னொரு பக்கம் காந்தம். அன்றைக்கு இவை இரண்டு தனித்தனி வேலைகள்.

சரி, படிகத்துக்கு வருவோம். சாதாரண பாராகாந்தப் பொருளைக் குளிரவைத்தால் அதன் காந்த ஏற்புத்திறன் கூடும். செப்பு அசிடேட் அப்படி இல்லை. சுமார் 255 கெல்வின், அதாவது வீட்டு ஃப்ரீஸரின் குளிர் வரைக்கும் கூடுகிறது, அதற்குக் கீழே குறையத் தொடங்குகிறது. இந்த விநோதத்தை 1951-ல் பி. சி. குஹா அளவீடாக வெளியிட்டார். காரணத்தை அடுத்த வருடமே பிளீனியும் பவர்ஸும் சொன்னார்கள்: செம்பு அயனிகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் துணையில்லாத ஓர் எலக்ட்ரான். இரண்டு ஸ்பின்களும் சேர்ந்து காந்தமே இல்லாத ஒற்றை நிலைக்குள் அடங்கிவிடுகின்றன. சூடு கொடுத்தால்தான் காந்தமுள்ள மும்மை நிலைக்கு ஏறும். இது மேல், அது கீழ் என்று சொல்ல முடியாத குவாண்டம் ஜோடி அது. குவாண்டம் காந்தத்தின் மிகச் சின்ன உதாரணம்.

அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 300 அலையெண் (செ.மீ.க்கு). இதை நிர்ணயிப்பது எது? இரண்டு செம்பையும் கட்டிப்பிடித்திருக்கும் நான்கு அசிடேட் பாலங்கள். ஸ்பின்களின் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அந்தப் பாலங்கள் வழியாகத்தான் நடக்கிறது. பாலத்தின் கோணமும் நீளமும் மாறினால் பேச்சின் வலுவும் மாறும்.

இங்கேதான் யோசிச்சுப் பாருங்க. பாலம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கிறது! நாம் சமன்பாட்டில் J என்று ஒரே எண்ணைப் போடுகிறோம். உண்மையில் அது ஆடும் பாலத்தின் சராசரி. உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வுகளும் ஏறக்குறைய அதே சில நூறு அலையெண் வட்டாரத்தில்தான் வரும். மூலக்கூறுப் படிகங்கள் மென்மையானவை. ஹைட்ரஜன் பிணைப்பு, வான் டெர் வால்ஸ் விசை போன்ற தளர்வான கட்டுகளால் நிற்பவை. அதனால் இன்னும் கீழேயும் நிறைய அதிர்வுகள் உண்டு. ஸ்பின்னின் ஆற்றலும் அதிர்வின் ஆற்றலும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. அதிர்வை வெறும் பின்னணி இரைச்சல் என்று ஒதுக்கித்தான் நானும் ரொம்ப நாள் படித்தேன். தப்பு.

ஒரே கயிற்றில் இரண்டு ஊஞ்சல் கட்டி, ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். இரண்டின் வேகமும் ஒத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஆட்டம் மற்றதுக்குப் போய்விடும். அப்போது எது யாருடைய ஆட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2018-ல் கோபால்ட் மூலக்கூறு ஒன்றில் இதை நேராகவே பார்த்தார்கள். காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட ஸ்பின் நிலை மேலே நகர்கிறது, அதிர்வு நிலை பெரும்பாலும் அசையாது. இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகவேண்டிய இடத்தில் தாண்டவில்லை. விலகி வளைந்து, குணத்தை மாற்றிக்கொண்டு போயின. இணைப்பின் வலு 1 முதல் 2 அலையெண். சின்ன எண்தான், ஆனாலும் தெளிவாகத் தெரிந்தது. எந்தக் கருவியில் பார்த்தார்கள் தெரியுமா? ராமன் நிறமாலையில். கிருஷ்ணன் தனித்தனியாகத் தொட்ட இரண்டு முனைகளும் ஒரே வரைபடத்தில்.

இதனால் என்ன லாபம்னு கேட்கலாம். ஒரே மூலக்கூறில் ஒரு பிட் தகவலைச் சேமிக்க வேண்டும் என்பது முப்பது வருடக் கனவு. 2017-ல் வந்த டிஸ்ப்ரோசியம் மூலக்கூறில் ஸ்பின் கவிழாமல் தடுக்கும் சுவரின் உயரம் வெப்பநிலைக் கணக்கில் சுமார் 1760 கெல்வின். ஆனால் காந்த நினைவு நின்றது 60 கெல்வின் வரைதான். அவ்வளவு உயரமான சுவர் இருந்தும் ஏன்? அதிர்வுகள் ஸ்பின்னுக்குப் படியும் போடும், சுவரின் அடியில் ஓட்டையும் போடும். அந்த 60-ம்கூட கிடைத்ததற்குக் காரணம், உலோகத்தை இருபுறமும் கவ்வும் கார்பன் வளையங்கள் அதன் அதிர்வுகளைக் கட்டுப்படுத்தியதுதான் என்று அதைச் செய்தவர்கள் விளக்கினார்கள். அடுத்த வருடமே வேறொரு குழு அதே குடும்பத்து மூலக்கூறில் 80 கெல்வினைத் தொட்டது, திரவ நைட்ரஜனின் கொதிநிலையைத் தாண்டி.

ஆக, சுவரை உயர்த்துவது மட்டும் போதாது. எந்த அதிர்வு எந்த ஸ்பின் நிலையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அந்த அதிர்வை நகர்த்தும்படி மூலக்கூறைக் கட்ட வேண்டும். இனிமேல் ஒரு J மதிப்பைப் படிக்கும்போது, பக்கத்திலேயே அந்தப் படிகத்தின் ராமன் நிறமாலையையும் வைத்துப் பாருங்கள்.