வெட்டும் நொதியும் வளையும் இழையும்

ஓர் உயிரணு தற்காப்புக்கென வைத்திருக்கும் கத்தி அதன் கழுத்தையே அறுக்காதிருப்பது எங்ஙனம்?

ஈ-கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் சில வகைகளில் ‘ஈக்கோ ஆர்-5’ என்றொரு நொதி உண்டு. வைரஸ் தன் டி.என்.ஏ.வை உட்செலுத்துங்கால், இந்நொதி அதனைத் துண்டாடிவிடும். வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பதால் இவ்வினத்திற்குக் கட்டுப்பாட்டு நொதிகள் என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் நிறைவளிக்கவில்லை. வெட்டுதல் என்னும் செயல் அதில் தோன்றவில்லையன்றோ! இவ்வாராய்ச்சிக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் ஆகிய மூவரும் 1978-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துக்களாலான இரட்டை இழை. ஏ-க்கு எதிரே டி-யும், ஜி-க்கு எதிரே சி-யும் நிற்கும். நம் நொதி ஜி-ஏ-டி-ஏ-டி-சி என்னும் தொடரைக் கண்டு, நட்டநடுவில் வெட்டுகிறது. இத்தொடர் ஒருவகை மாலைமாற்று. ஆயினும் ‘விகடகவி’யைப் போன்றதன்று, எதிரிழையை அதன் திசையில் படித்தால் அதே ஆறெழுத்து வரும். நொதியும் அதற்கிசைய, ஒன்றுபோன்ற இரு பாதிகளாலானது. பாதிக்கோர் இழையாக வெட்டுகிறது.

பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்திணைகள் உள. கணக்குப்படி இத்தொடர் அதில் ஆயிரம் இடங்களிலேனும் வரக்கூடும். அவ்விடங்களில் மெத்தில் என்னும் சிறு அடையாளத்தை மற்றொரு நொதி பதித்துக் காக்கிறது. ஆனால் ஓரெழுத்து மட்டும் மாறிய இடங்கள் 20,000 அளவில் இருக்கும். அவற்றுக்கு அடையாளமில்லை. அங்கே கத்தி தவறினால் உயிரணுவுக்கு அழிவுதான். அதிலும் வியப்பு, இந்நொதி பிற தொடர்களையும் பற்றிக்கொள்கிறது; வெட்டுவதில்லை, அவ்வளவே. ஓரெழுத்து மாறினாலும் வெட்டும் வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகவோ அதனினும் குறைவாகவோ ஆகிவிடுகிறது.

இப்புதிரை அவிழ்த்தது நொதியின் வடிவமே. விங்க்லரும் துணைவரும் படிகங்களின் ஊடே எக்ஸ்-கதிரைச் செலுத்திக் கண்ட அமைப்பை 1993-இல் வெளியிட்டனர். இரு பாதிகளுக்கிடையே உள்ள பிளவில் டி.என்.ஏ. கிடக்கிறது. ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு வளையம் நீண்டு, இழையின் அகன்ற பள்ளத்தில் புகுந்து எழுத்துக்களைத் தொட்டறிகிறது. ஆறெழுத்தும் சரியாயின், இழை நடுவில் ஏறத்தாழ 50 பாகை வளைகிறது. இவ்வளைவு எளிதன்று, ஆற்றல் செலவாகும். சரியான எழுத்துக்களோடு ஏற்படும் பிணைப்புகளே அச்செலவை ஈடுசெய்கின்றன. வளைந்த பின்னரே வெட்டுமிடம் நொதியின் அமிலக் கூறுகளை நெருங்குகிறது. மக்னீசியம் அயனி அமர்வதற்கான இடமும் அங்கு உருவாகிறது. வெட்டு நிகழ்கிறது. தவறான தொடரோ இங்ஙனம் வளைவதில்லை. சாவி பூட்டினுள் நுழைவது வேறு, திரும்புவது வேறு அல்லவா?

மக்னீசியத்திற்குப் பதிலாக மாங்கனீஸ் சேர்த்தால் இக்கட்டுப்பாடு தளர்ந்து, தவறான இடங்களையும் நொதி வெட்டத் தொடங்குகிறது. ஆதலின் ஆய்வுக்கூடங்களில் இந்நொதியைக் கையாள்வோர் அது கரைந்திருக்கும் நீரில் எந்த உப்பைச் சேர்க்கிறோம் என்பதிலும் கவனமாயிருக்கின்றனர்.