கறுப்புத் திரையில் ஒரு கடிதம்

முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை, சமையலறை மேசையில் பழைய லாப்டொப். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு படம்கூட இல்லை. படங்களில் ஹக்கர்மார் வைத்திருப்பார்களே, அதே மாதிரி. என் 13 வயது மகள் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"அம்மம்மாவுக்கு ஈமெயில் எழுதுறன்."

அப்பா காலமான பிறகு அம்மா ரொறன்ரோவில் இருக்க மாட்டேன் என்று யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போய்விட்டா. இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. வீடியோ கோலில் நாங்கள் கத்த, அவ "ஆ? ஆ?" என்று கேட்க, ஐந்து நிமிடத்தில் இரு பக்கமும் களைத்துப்போவோம். கண் மட்டும் நல்ல தெளிவு. எழுதினால் வாசிப்பா. ஆனால் மகளை எழுத வைப்பதுதான் பெரும்பாடு. வழமையான மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்தால் போதும், வகுப்பு ஆசிரியரின் அறிவித்தல், கடை விளம்பரம், பக்கத்திலேயே யூடியூப். அம்மம்மா கடைசிக்குப் போய்விடுவா.

இந்தக் கறுப்புத் திரைக்கு டெர்மினல் என்று பெயர். தமிழில் முனையம் என்கிறார்கள். அதில் அவள் ஓடவிட்டிருந்தது மட் என்ற மின்னஞ்சல் மென்பொருள். மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் 1995இல் தொடங்கியது, இலவசம், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மின்னஞ்சல் பிறந்ததே இப்படி வெறும் எழுத்தாகத்தான். 1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பி, பெயருக்கும் இடத்துக்கும் நடுவே அந்த 'அட்' குறியைப் போட்டபோது, சொடுக்குவதற்கு பட்டனும் இல்லை, மவுஸும் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியை எழுதும் ஆட்கள் தங்கள் திருத்தங்களை இன்றைக்கும் வெறும் எழுத்து மின்னஞ்சலாகத்தான் அனுப்புகிறார்கள்.

பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். 'எம்' எழுத்தை அழுத்தினாள். யாருக்கு என்று கேட்டது, எழுதினாள். தலைப்பு என்ன என்று கேட்டது, எழுதினாள். அவ்வளவுதான், வெறும் தாள் மாதிரி ஒரு பக்கம் திறந்தது. அதற்கு அவள் நானோ என்ற சின்ன எழுதியை வைத்திருக்கிறாள். பல கணினிகளில் விம் என்ற எழுதிதான் திறக்கும். அதற்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் முழிப்பவர்கள் பெரிய பொறியியலாளர்களிலும் உண்டு. ஆகவே பிள்ளைக்கு நானோ போதும்.

எழுதிச் சேமித்து வெளியே வந்தால் கடிதம் உடனே போவதில்லை. யாருக்கு, யாரிடமிருந்து, தலைப்பு, இணைப்புகள் என்று ஒரு சுருக்கம் திரையில் நிற்கும். 'ஏ' அழுத்தினால் படம் இணைக்கலாம், 'டி' அழுத்தினால் முகவரியை மாற்றலாம். 'ஒய்' அழுத்தினால்தான் போகும். வேண்டாமென்று வெளியேறினால், எடுத்து வைக்கவா என்று கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: எழுதும் பக்கத்தைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடினால், கடிதத்தையே கைவிட்டுவிடும். வெறுங்கடிதம் போகாது. என் அலுவலக மின்னஞ்சலிலும் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை மானக்கேடு தப்பியிருக்கும்!

அன்றைக்குத் தகராறு தொடங்கியது தமிழில்தான். மகள் 'கொய்யாப்பழம்' என்று தட்ட, 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம், மெய்க்குப் புள்ளி எங்கேயோ. கர்சர் தன் பாட்டுக்குத் தாவியது. டெர்மினல் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று வைக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. நம் உயிர்மெய்யோ மெய்யும் குறியும் சேர்ந்து ஓருருவாக வருவது, அகலமும் ஒன்றுக்கொன்று வேறு. பல டெர்மினல்களுக்கு இது இன்னும் சரிவரவில்லை.

"அம்மா, இது வடிவா இல்லை. நான் இங்கிலீஷில எழுதட்டா?"

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தமிழ் நின்றுபோகிறது. என் வாய் வரைக்கும் "சரி" வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் கைகொடுத்தது: திரையில் தெரிவது வேறு, கோப்பில் இருப்பது வேறு. யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். அவை ஒழுங்காக இருந்தால், இங்கே உடைந்து தெரிந்தாலும் அம்மம்மாவின் போனில் முழுசாகத் தெரியும். நம்பாமல், "அப்ப முதல்ல உங்களுக்கு அனுப்பிப் பாக்கிறன்" என்றாள். என் போனில் கொய்யாப்பழம் குண்டாக, அழகாக வந்து இறங்கியது. எழுதும்போதே வடிவாகத் தெரிய வேண்டுமென்றால், மட்டின் அமைப்புக் கோப்பில் எழுதியை மாற்றி, விஎஸ் கோட் மாதிரித் தனி ஜன்னலில் திறப்பதைப் போடலாம்; எழுதி மூடும்வரை காத்திருக்கச் சொல்லும் 'வெயிட்' என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

உங்கள் பிள்ளையும் கேட்டால், மூன்று சங்கதி சொல்லி வைக்கிறேன். 'மெயில்' என்று வெறுமனே ஒரு கட்டளை இருக்கிறதே என்று அதில் தொடங்க வேண்டாம்; வீட்டு இணைய இணைப்புகளில் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும் 25ஆம் போர்ட் பெரும்பாலும் மூடியிருக்கும், கடிதம் எங்கும் போகாது. உங்கள் மின்னஞ்சல் கணக்கின் வழியாகவே மட்டை அனுப்பச் சொல்லுங்கள். ஜிமெயில் 2022இலிருந்து வழமையான கடவுச்சொல்லை இப்படியான மென்பொருள்களில் ஏற்பதில்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை எடுக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல் அமைப்புக் கோப்பில் பச்சையாகக் கிடக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து. பிள்ளைகள் தங்கள் அமைப்புக் கோப்புகளைப் பெருமையாக கிட்ஹப்பில் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டிலும் ஏற்றப் போனாள். கடைசி நிமிடத்தில் கண்டு பிடித்தேன். அதை மறைகுறியாக்கித் தனியே வைக்கப் பழக்குங்கள்.

அம்மம்மாவுக்குப் போன முதல் கடிதம் ஒன்பது வரி. பின்வளவுக் கொய்யா காய்க்குதா, பூனை குட்டி போட்டதா, தனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கு என்று. 'ர'வும் 'ற'வும் இடம்மாறிக் கிடந்தன. திருத்தக் கை துடித்தது, விட்டுவிட்டேன். 'ஒய்' அழுத்தினாள். அடியில் அவளே செய்துவைத்த கையொப்ப வரி தானாகச் சேர்ந்து போயிற்று: "முனையத்திலிருந்து அனுப்பியது."

அடுத்த நாள் விடிய பதில் வந்திருந்தது. "குஞ்சு, கடிதம் கண்டு நல்ல சந்தோசம். 'பறவை'க்கு வல்லின ற. கொய்யா காய்க்குது, அணில்தான் சாப்பிடுது. அது சரி, எந்த முனையத்தில நிக்கிறியள்? பலாலியோ, கட்டுநாயக்காவோ? வாறதெண்டு முன்னமே சொல்லியிருந்தால் அறையைத் துப்புரவாக்கி வைச்சிருப்பனே. கொம்மா ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, என்னைப் பார்த்தாள். "அம்மா, நாங்கள் கடைசியா எப்ப போனனாங்கள்?"

எனக்கு ஏழு வயதில் இருந்ததை வைத்துத்தான் அவளுக்கு அம்மம்மாவின் வீட்டைத் தெரியும் என்பதை அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். அவள் பிறந்த பிறகு நாங்கள் ஒருதடவைகூடப் போகவில்லை. மகள் 'எம்' அழுத்தி, அம்மம்மாவின் முகவரியைத் தட்டிவிட்டு, தலைப்பில் கை வைத்தபடி காத்திருந்தாள். நான் போனில் ஆகஸ்ட் மாத டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.