மேல்மண்ணில் தங்கிய அணுகுண்டுத் தூசி

1945 முதல் 1980 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் எழுந்த நுண்ணிய தூசி, வானத்தின் மேலடுக்குகளில் உலகைச் சுற்றிவந்து, பெரும்பாலும் மழையோடு மண்ணில் இறங்கியது. 1954-ல் பிரதமர் நேரு இச்சோதனைகளை நிறுத்துமாறு கோரினார். 1962-ல் இராஜாஜி, முதிர்ந்த வயதில் அமெரிக்கா சென்று கென்னடியிடம் நேரில் முறையிட்டார். இதற்கும் நம் கழனிகளுக்கும் தொடர்புண்டு என்பது அன்று பலருக்குத் தோன்றியிராது.

இத்தூசியில் நெடுநாள் தங்குவது சீசியம்-137. முப்பது ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும்; ஆகவே 1963-ல் வீழ்ந்ததில் இன்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. வடகோளத்தின் நடுப்பகுதி நாடுகளில் வீழ்ந்ததைவிட நமது வெப்பமண்டலத்தில் வீழ்ந்தது குறைவு. மண்ணில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியத்தின் கதிரியக்கம் இதனினும் மிகுதியாதலால், குடியானவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயின் விழுந்த இடத்திலேயே அது இருக்கின்றதா? களிமண் சீசியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கடலூர்க் கரையோர மணலுக்கு அவ்வாற்றல் குறைவு. உழவு அதனைக் கலப்பை செல்லும் ஆழம்வரை கலந்துவிடும். உழாத நிலத்திலோ மேலுள்ள சில அங்குலங்களிலேயே பெரும்பகுதி நிற்கும். எனவே மேல்மண் போகுமிடமெல்லாம் சீசியமும் உடன் போகின்றது. கடலூரை அடுத்த கேப்பர் மலையின் செம்மண் சரிவுகள் போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழை மண்ணை அரிக்குமாயின் அங்கு அது குறையும். சிதம்பரத்தைச் சூழ்ந்த வண்டற்சமவெளி போன்ற தாழ்நிலத்தில் அம்மண் படியுமாயின் அங்கு அது கூடும்.

தீய வினையின் எச்சமே மண்ணரிப்பை அளக்கும் கோலாயிற்று! நெடுங்காலம் உழப்படாத, அரிப்புமில்லாத மேட்டில் ஓரடி ஆழத்துக்கு மண்ணெடுத்து, அதிலுள்ள சீசியத்தை அருகிலுள்ள வயலின் மண்ணோடு ஒப்பிடுவர். வயலில் குறைந்திருந்தால், ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் எவ்வளவு மேல்மண் போயிற்றென்று கணக்கிடலாம்.

ஏரிகளுக்கும் இம்முறை பொருந்தும். தூர் வாரப்படாத ஏரியின் வண்டலில் சீசியம் மிகுந்த அடுக்கு 1963-ஐ ஒட்டியதாகும். அதன் மேலுள்ள கனத்தைக் கொண்டு, ஏரி ஆண்டுதோறும் எவ்வளவு தூர்ந்து வருகின்றது என்பது புலனாகும். காட்டுமன்னார்கோயில் வட்டத்து வயல்களுக்கு நீரளித்து, 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் தணித்துவரும் வீராணத்தைப் போன்ற ஏரிகளுக்கு இது சிறு செய்தியன்று. ஆயின் தூர் வாரிய இடத்தில் அடுக்குகள் குலைந்துவிடுமாதலால், மாதிரி எடுக்குமுன் எங்கே, எப்போது தூர் எடுத்தார்கள் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிதல் வேண்டும்.